பெருங்களத்தூர் ரோவரும் கெட்டுப்போன பேரும்

பெருங்களத்தூர்ல ஒரு கார் கம்பெனி இருந்துச்சுன்னு சொன்னா எங்க அபார்ட்மெண்ட் பசங்க நம்பவே மாட்டேங்கறாங்க. "அங்கிள், அது ஸ்ரீபெரும்புதூர்"ன்னு எனக்கே திருத்தம் சொல்றாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஐதராபாத்துல, அதுவும் அல்வால்ல பொறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைங்க. அவங்களுக்குச் சென்னைன்னா தாத்தா வீடு, மெரினா, லீவு. அம்புட்டுதான்.

அல்வால் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைச்சல் இல்லை. செகந்திராபாத் கண்டோன்மெண்ட்டுக்கு அந்தக் காலத்துல மெட்ராஸ் பட்டாளத்தோட வந்து, அப்படியே தங்கிட்டவங்க பரம்பரை ஒரு பக்கம். என்னை மாதிரி பொட்டி தட்ட வந்து, "ரெண்டு வருஷத்துல திரும்பிடலாம்"ன்னு சொல்லிச் சொல்லியே வீட்டுக்கடன் வாங்கி உக்காந்துட்டவங்க இன்னொரு பக்கம். ஞாயித்துக்கிழமை நாலு பேர் கூடினா பேச்சு ஸ்கூல் ஃபீஸ்ல ஆரம்பிச்சு, ஊர்ல இருக்கிற வயசான அப்பா அம்மாவைத் தொட்டு, கடைசியில கார்ல வந்து நிக்கும்.

அப்படித்தான் எங்க எதிர் பிளாட் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். தூத்துக்குடிக்காரர். நடுத்தர சைஸ்ல ஒரு செடான், முழுசா புது வடிவத்துல வந்திருக்கு, பார்க்க நல்லா இருக்கு, விலையும் கட்டுப்படி ஆகுது. ஆனா கம்பெனிக்குப் பேர் சரியில்லை. (கம்பெனி பேர் இங்க வேண்டாம்.) மதினி ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: "அந்தக் கம்பெனி வண்டியா? மாமாவையும் அத்தையையும் ஏத்திக்கிட்டு ஆயிரம் கிலோமீட்டர் போகணும், நடுவழியில கர்நூல்ல நிக்கவா?" அண்ணாச்சி என்கிட்ட, "தம்பி, உடம்பை மாத்தினா பேர் மாறுமா?"ன்னார்.

இதுக்குப் பதில் ஷோரூம்ல கிடைக்காது, பெருங்களத்தூர்ல கிடைக்கும்னு எனக்குத் தோணுச்சு. ஜி.எஸ்.டி. ரோட்டு வழியா எத்தனையோ தடவை நாம கடந்து போன இடம்தான் அது.

கம்பெனி பேர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் மெட்ராஸ்ல ஆரம்பிச்சது. மெட்ராஸ் யூனியன் கம்பெனியும், இங்கிலாந்தில கோவெண்ட்ரி ஊர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கை கோத்து உண்டாக்கினது. முதல்ல வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு எய்ட், டென். லைசென்ஸ் ராஜ்யத்துல நாட்டுக்கே மூணு கார்தான்னு பெருசுங்க சொல்லுவாங்களே... கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில ஃபியட், மூணாவது நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு. மூணுல சின்னது இதுதான்.

1961-ல் ஹெரால்டு வந்துச்சு. இங்கிலாந்தில அதுக்கு டிரயம்ப் ஹெரால்டுன்னு பேர். இங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி வரைஞ்ச வடிவம். 948 சிசி இஞ்சின். முன்பக்க பானெட் முழுசும், மட்கார்டோட சேர்த்து, முன்னாடி கவிழ்ந்து திறக்கும். லண்டன் டாக்ஸி மாதிரி இருபத்தஞ்சு அடி வட்டத்துல திரும்பும். அம்பாசடரும் ஃபியட்டும் தாத்தாக்கள் மாதிரி நிக்கும்போது இது காலேஜ் பையன் மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் பழைய கார் பிரியர்கள் ஹெரால்டுன்னா உருகுவாங்க.

ஆனா குடும்பஸ்தர்களுக்கு அதுல ஒரு பயம். பின்சக்கரம் ரெண்டுக்கும் குறுக்கா ஒரே ஒரு பட்டை வில், அதோட ரெண்டு பக்கமும் தனித்தனியா ஊசலாடற ஆக்ஸில். கோவெண்ட்ரியில ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, ஒரு நாய்க்குட்டி போற வண்டி. இங்க என்ன நடக்கும்? முன்னாடி மூணு, பின்னாடி நாலு, மடியில ரெண்டு, டிக்கியில அரிசி மூட்டை. வில் தொய்ஞ்சு, பின்சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கிட்டு நிக்கும். மெக்கானிக்குங்களுக்கும் அந்த ஆக்ஸில் மேல நம்பிக்கை இல்லை. "ஹெரால்டா? ஓட்ட ஜோரு, வச்சுக்க பேஜாரு" அப்படிங்கற மாதிரி ஒரு பேச்சு பரவிடுச்சு. கம்பெனியும் இதை உணர்ந்துதான் 1970-களோட ஆரம்பத்துல ஊசல் ஆக்ஸிலை எடுத்துட்டு, மத்த கார்கள்ல இருக்கிற மாதிரி ஒத்தை ஆக்ஸில் போட்டு கெஸல்னு ஒரு நாலு கதவு வண்டியை விட்டாங்க. குறை சரியாச்சு. ஆனா அதுக்குள்ள வாங்கறவங்க அம்பாசடர், ஃபியட் வரிசைக்குப் போயிட்டாங்க. 1977-வாக்குல கெஸலும் நின்னுச்சு. அதுக்கப்புறம் ஏழெட்டு வருஷம் பெருங்களத்தூர்ல கார் கிடையாது, வேன் மாதிரி சரக்கு வண்டிங்கதான்.

எனக்கு முக்கியமாத் தோணறது இந்த ஏழெட்டு வருஷம்தான். கெட்ட பேர்னா திட்டறதுக்காவது நாலு பேர் ஞாபகம் வச்சிருப்பான். இங்க பேரே மறந்து போச்சு. ஏஜென்சி கடைங்க வேற கம்பெனி போர்டு மாட்டிட்டாங்க. ஸ்டாண்டர்டு வண்டி பார்த்த மெக்கானிக்கோட பையன் ஃபியட் பார்க்கப் போயிட்டான்.

அப்பத்தான் டெல்லி கொஞ்சம் கதவைத் திறந்துச்சு. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800 சாவியைக் கொடுத்தார். ஒரே வருஷத்துல பழைய மூணு கம்பெனிக்கும் வேர்த்துப் போச்சு. மூணு பேரும் ஒரே வைத்தியத்தைத்தான் யோசிச்சாங்க: வெளிநாட்டுல ஓய்ஞ்சுபோன ஒரு பெரிய காரோட அச்சுகளை வாங்கி, புது உடம்பு மாட்டி, "பணக்காரன் வண்டி"ன்னு விக்கறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் வாக்ஸால் விக்டர் உடம்பை எடுத்து கான்டெஸ்ஸான்னு பேர் வச்சது. பிரீமியர் 1985-ல் ஃபியட் 124 உடம்பை எடுத்து 118 என்.இ. அப்படின்னுச்சு. ஸ்டாண்டர்டு எடுத்ததுதான் மூணுலயும் அழகான உடம்பு: ரோவர் எஸ்.டி.1.

அந்த ரோவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். டேவிட் பேச் வடிவமைச்சது, பார்த்தா பெராரி டேடோனா ஞாபகம் வரும். 1977-ல் ஐரோப்பாவோட சிறந்த கார் விருது வாங்கினது. மூணரை லிட்டர் வி-8 இஞ்சின். பின்பக்கம் கண்ணாடியோட சேர்ந்து திறக்கறதால சுத்தமான செடான்னு சொல்ல முடியாதுன்னு யாராவது வம்புக்கு வரலாம். ஆனா எட்டு முழ வேட்டி கட்டின பெரியவர் பின்சீட்டுல ஜம்முன்னு உக்காந்து போற வண்டிதான். அங்கேயும் அதுக்குக் கெட்ட பேர். வடிவம் அபாரம், தயாரிப்பு மோசம். ரோவர் அப்ப பிரிட்டிஷ் லேலண்டுக்குள்ள இருந்துச்சு. 1975-லேயே பிரிட்டன் அரசாங்கம் கையில எடுத்துக்கிட்ட நோயாளிக் கம்பெனி. ஸ்டிரைக், பெயிண்ட் உரியறது, எலக்ட்ரிகல் தகராறு... ஆக, மெட்ராஸ்ல பேர் மங்கின ஒரு கம்பெனி, இங்கிலாந்தில பேர் கெட்ட ஒரு காரை வாங்கி, அதை வச்சுத் தன் பேரை மீட்கப் பார்த்தது.

1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வெளிய வந்துச்சு. நம்ம ரோட்டுக்காக உயரத்தை ஏத்தியிருந்தாங்க. பானெட்டைத் திறந்தா வி-8 இல்லை. 1991 சிசி, நாலு சிலிண்டர், எண்பத்து சொச்சம் குதிரைசக்தி. எங்க இருந்து வந்துச்சுன்னா, 1940-கள் கடைசியில பொறந்த வேன்கார்டு காரோட இஞ்சின் வம்சம்! இதே வம்சத்து இஞ்சின்தான் இங்கிலாந்தில ஃபெர்குசன் டிராக்டரை இழுத்துச்சு. இங்க கம்பெனியோட சரக்கு வேன்லயும் ஓடுச்சு. கியர் நாலுதான். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, நெத்தியில சந்தனம் வச்சு மணையில உக்கார வச்சாச்சு. வாயைத் திறந்தா தாத்தா குரல்.

பெட்ரோல் குடிக்கும். விலையோ அதிகம். அதே ரோட்டுல 796 சிசி மாருதி சத்தமில்லாம பறக்குது. கொஞ்ச நாள் பெரிய மனுஷங்க சிலர் வாங்கினாங்க, கௌரவமா நிறுத்தி வச்சாங்க. 1988-ல் தயாரிப்பு நின்னுச்சு. கம்பெனி கதையும் அதோட முடிஞ்சுது. நாப்பது வருஷக் கம்பெனி, கடைசி மூணு வருஷத்துல எல்லாத்தையும் ஒரே வண்டி மேல பந்தயம் கட்டி விட்டுது. தாம்பரம், வண்டலூர் பக்கத்து எத்தனையோ வீடுகள்ல அந்தச் சங்குச் சத்தத்துலதான் அடுப்பு எரிஞ்சிருக்கும். முதலாளி எடுத்த ஒரு இஞ்சின் முடிவு அந்த அடுப்பு வரைக்கும் வருதுன்னு நினைச்சா மனசு கனக்குது. கடைசியில மிச்சமிருந்த புது உதிரி பாகங்களை, ரோவர் பாகம் விக்கிற ஒரு இங்கிலாந்து வியாபாரி மொத்தமா வாங்கிட்டுப் போனார். இன்னைக்கு இங்கிலாந்தில எஸ்.டி.1 காரைப் புதுப்பிக்கறவங்க சில பேர் மாட்டற கதவும் தகடும் பெருங்களத்தூருக்குன்னு அடிச்சதா இருக்கலாம்!

சரி, மத்த ரெண்டு பேர்? கான்டெஸ்ஸாவும் முதல்ல இதே தப்பைத்தான் செஞ்சது: அம்பாசடர்ல இருந்த 1489 சிசி இஞ்சினை அந்தப் பெரிய உடம்புல வச்சாங்க. யானையை மாட்டு வண்டியில பூட்டின கதை. ஆனா ஹிந்துஸ்தான்காரங்க சும்மா இருக்கல. சில வருஷத்துலேயே ஜப்பான் இசூசுவோட 1.8 லிட்டர் இஞ்சினைக் கொண்டு வந்து வச்சாங்க. கான்டெஸ்ஸா 2002 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. பிரீமியர் இன்னும் சமர்த்து. 118 என்.இ.-க்கு ஆரம்பத்துலேயே நிசானோட 1171 சிசி இஞ்சினை வாங்கிட்டாங்க. அதுவும் பத்து வருஷத்துக்கு மேல ஓடுச்சு. எல்லாருமே இரவல் உடம்புதான். ஆனா உள்ள இருக்கிறதை மாத்தினவன் பிழைச்சான்.

இங்க அல்வால்ல லோத்குண்டா பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் இருக்கார், தெலுங்குக்காரர், பழைய வண்டிங்களை இன்னும் பிரிச்சு மேயறவர். அவர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு ஒரே வரி: "பேரு காது சார், பார்ட்ஸ் தொரகாலி." பேர் இல்லை சார், பாகம் கிடைக்கணும். என்னோட பத்துப் பக்கம் அவருக்கு நாலு வார்த்தை.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா முழுசும் இல்லை. ரோவரோட அடுத்த கதையைப் பாருங்க. எஸ்.டி.1-க்கு அப்புறம் ரோவரும் ஹோண்டாவும் சேர்ந்து ஒரு காரை உருவாக்கினாங்க. அமெரிக்காவுல ஹோண்டா அதை அக்யூரா லெஜண்டுன்னு வித்துச்சு. ரோவர், ஸ்டெர்லிங்னு வேற பேர் வச்சு 1987-ல் வித்துச்சு. அதாவது கெட்ட பேரை ஒளிச்சு வச்சாச்சு, இஞ்சினும் ஹோண்டாவோடது. அப்படியும் லெஜண்ட் தலைமேல தூக்கி வைக்கப்பட்டுது. ஸ்டெர்லிங் 1991-ல் அமெரிக்காவை விட்டே ஓடிப்போச்சு. பூட்டினவன் கையும் வயரிங்கும் பழையபடியே இருந்தா, பேரை மாத்தியும் பிரயோஜனம் இல்லை.

பேர் மீண்ட கதை வேணும்னா, இதே நம்ம ஸ்ரீபெரும்புதூர்க்காரங்களைத்தான் சொல்லணும். ஹூண்டாய் இன்னைக்கு நமக்கு மாமன் மச்சான் மாதிரி. ஆனா 1986-ல் அமெரிக்காவுல எக்ஸெல்னு ஒரு மலிவுக் காரோட இறங்கினாங்க. 4,995 டாலர். முதல் வருஷமே 1,68,882 வண்டி வித்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல துருவும் ரிப்பேரும் ஆரம்பிச்சு, ராத்திரி டிவி காமெடிக்காரங்களுக்கு ஹூண்டாய்ங்கற பேரே ஒரு ஜோக்கா ஆயிடுச்சு. வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்தைத் தாண்டின விற்பனை 1998-ல் ஒரு லட்சத்துக்கும் கீழ விழுந்துச்சு.

அப்ப அவங்க உடம்பை மாத்தல. 1998-ல் ஒரு காகிதத்தைக் கொடுத்தாங்க: இஞ்சின், கியர்பாக்ஸுக்குப் பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி. (முதல் சொந்தக்காரருக்கு மட்டும், உஷாரான ஆளுங்க.) பேர் கெட்ட கம்பெனிக்கு இதை விடப் பெரிய சூதாட்டம் கிடையாது. வண்டி மோசமா இருந்தா வாரண்டியே கம்பெனியை முழுங்கிடும். அதனாலேயே தொழிற்சாலையில தரத்தைச் சரி செஞ்சே ஆகணும். ரிப்பேர் பயம் வாங்கறவன் தலையில இருந்து இறங்கி விக்கறவன் தலைக்குப் போச்சு. 2004-ல் ஜே.டி. பவர் ஆரம்பத் தரக் கணக்கெடுப்புல ஹோண்டாவுக்குச் சமமா வந்து நின்னாங்க. முழுசாப் புது வடிவத்துல சொனாட்டா செடானை அலபாமா தொழிற்சாலையில இருந்து இறக்கினது அதுக்கும் அப்புறம், 2005-ல். பார்த்தீங்களா, அண்ணாச்சி கேட்ட மாதிரி "புது வடிவ செடான்" வரிசையில கடைசியாத்தான் வருது. அதுக்கு முன்னாடி ஏழு வருஷ உழைப்பு.

அமெரிக்காவுல இருக்கிற உறவுக்காரங்க உடனே செவ்ரோலே மாலிபுவை இழுப்பாங்க. உண்மைதான், 2008 மாலிபு அருமையான மறுபிறவி, வட அமெரிக்காவோட சிறந்த கார் விருதே வாங்கிச்சு. ஆனா 2009 ஜூன்ல ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டாச்சு. ஒரு நல்ல வண்டியால வீட்டுக் கடனை அடைக்க முடியாது.

நம்ம நாட்டுல இதுக்கு நீளமான உதாரணம் டாடாதான். 1998 டிசம்பர் 30-ல் இண்டிகா அறிமுகம். ஒரு லட்சத்துக்கு மேல முன்பதிவு. வண்டி கைக்கு வந்ததும் புகார் மழை. அப்ப டெல்கோன்னு பேர் இருந்த அந்தக் கம்பெனி 2000-01-ல் 500 கோடி நஷ்டம் காட்டுச்சு. ஆனா ஓடிப்போகாம, குறைகளை ஒண்ணொண்ணாத் திருத்தி 2001-ல் இண்டிகா வி2 விட்டாங்க. ஜனங்க திரும்பி வந்தாங்க. ஐதராபாத்துக்கு அந்தச் சமயத்துல வேலைக்கு வந்தவங்களுக்குத் தெரியும்: ராத்திரி ஷிப்டுக்கு "கேப் வந்துடுச்சு"ன்னா வெளிய நிக்கறது வெள்ளை இண்டிகா இல்லேன்னா இண்டிகோ. அதுவே அடுத்த வில்லங்கம். டீசல் சிக்கனத்தால எல்லா டிராவல்ஸ்காரனும் வாங்கி, "டாடான்னா டாக்ஸி"ன்னு ஒரு முத்திரை குத்தியாச்சு. சொந்தத்துக்கு வாங்கி அபார்ட்மெண்ட் வாசல்ல நிறுத்தினா, "என்ன சார், டிராவல்ஸ் ஆரம்பிச்சுட்டீங்களா?"ம்பாங்க.

அந்த முத்திரையை அழிக்க 2014 ஆகஸ்ட்ல ஜெஸ்ட் செடான் வந்துச்சு. டர்போ பெட்ரோல், டீசல்ல கிளட்ச் மிதிக்காத ஏ.எம்.டி. கியர், உள்ளுக்குள்ள நல்ல வேலைப்பாடு. நான் ஓட்டிப் பார்த்திருக்கேன், குறை சொல்ல முடியாத வண்டி. அப்படியும் பேர் மாறல. அதுவும் கொஞ்ச நாள்ல மஞ்சள் நம்பர் பலகைக்குப் போயிடுச்சு. பேர் மாறினது 2018 டிசம்பர்ல, நெக்ஸான் மோதல் சோதனையில அஞ்சு நட்சத்திரம் வாங்கினப்ப. இந்தியாவுல தயாராகி அஞ்சு நட்சத்திரம் வாங்கின முதல் கார். "ஓடுமா?"ன்னு கேட்டுட்டு இருந்தவங்க, "பிள்ளைங்க உயிருக்குப் பத்திரமா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. கேள்வியே மாறிப்போச்சு, அந்தக் கேள்விக்கு டாடாகிட்ட பதில் இருந்துச்சு.

அண்ணாச்சிகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு, மூணே மூணு விசாரிக்கச் சொன்னேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் புதுசா, பழசேதானா? வாரண்டி எத்தனை வருஷம், அதுல எதெல்லாம் சேராது? தூத்துக்குடி வரைக்கும் வழியில எத்தனை ஊர்ல அவங்க சர்வீஸ் இருக்கு? ஷோரூம் பையன் முகப்பு விளக்கைப் பத்தி அரைமணி நேரம் பேசினானாம், ரெண்டாவது கேள்விக்கு "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்"ன்னானாம். மதினி அதுக்கு என்ன சொல்லியிருப்பாங்கன்னு நான் எழுத வேண்டியதில்லை.

2024-ல் இந்தியாவுலேயே அதிகம் வித்த கார் டாடா பஞ்ச். பல வருஷமா மாருதி வேற யாருக்கும் விட்டுக் கொடுக்காத இடம் அது. பஞ்ச் செடான் கிடையாது. உயரமா நிக்கிற சின்ன வண்டி. டாடாவுக்குப் பேர் திரும்பி வந்தப்போ செடான் வாங்கற கூட்டம் கலைஞ்சு போயிருந்துச்சு. ஜெஸ்ட்டை அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க.